பதிவேட்டுக்கு ஒரு சொல்

ஜாலான் டூத்தா நீதிமன்றம், மூன்றாம் மாடி.
ஏர்கோன் எலும்பைத் தேடும் அறை.
வடமலை மகன் ஏகாம்பரம்,
இழுவை லாரி ஓட்டுநர், செந்தூல்,
சாட்சிக் கூண்டில் நின்று சொன்னார்:
"அன்னைக்கு ராத்திரியே நான் கௌதிம் பண்ணிட்டேங்க."

தட்டச்சு நின்றது.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
பதினாறு வருடமாக
இவர்கள் வாயிலிருந்து விழுவதை
அவர்கள் காதுக்குள் சிந்தாமல் ஊற்றித்தான்
வீட்டு வாடகை கட்டுகிறேன்.

கௌதிம்.
கான்டனீஸ் வாயில் பிறந்து
மலாய்க் கடைகளில் கடன் சொல்லி வளர்ந்து
எங்களிடம் வந்ததும் 'பண்ணு'வைக் கட்டிக்கொண்டது.
எந்த அகராதியின் கதவையும் அது தட்டியதில்லை.

குழாய் மெக்கானிக் ஆ சோங்
ஸ்பேனரைத் துடைத்தபடி சொன்னால்
சொட்டு நின்றுவிட்டது.
மண்டபக்காரர் சொன்னால் முன்பணம் போய்ச் சேர்ந்தது.
நெடுஞ்சாலை ஓரம், லைசென்சுக்குள் மடித்த
ஐம்பது வெள்ளியோடு முனகினால்
சிவப்பு விளக்கு பச்சையாக இருந்ததென்று
இருவருக்கும் ஞாபகம் வரும்.
வட்டிக்காரனின் ஆள் சொன்னால்
யாரோ ஒருவர் வீட்டு கேட்டில்
சிவப்புச் சாயம் இன்னும் காயவில்லை.
நள்ளிரவுக்குப் பிறகு, குரலைத் தாழ்த்தி,
ஒரு பெயருக்குப் பின்னால் அதை வைத்தால்
அந்தப் பெயரை அப்புறம் யாரும் கூப்பிடுவதில்லை.

அறந்தாங்கியிலிருந்து வந்த பீர்முகமது
எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே மளிகைக் கடையில் வேலை.
ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"யாருக்கா அந்த கௌதம்?
இந்த ஊர்ல எல்லா வேலையும்
அவன் ஒருத்தனே பாக்கறானா?"

நானும் அந்த ஆளிடம் வேலை வாங்கியிருக்கிறேன்.
விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட மதியம்
தம்பி செய்தி அனுப்பினான்: கௌதிம்?
கேள்விக்குறியை மட்டும் கழற்றிவிட்டு
அதே சொல்லைத் திருப்பி அனுப்பினேன்.
ஒன்பது வருடம்.
போன் திரையில் அரை வரிகூட இல்லை.

"மொழிபெயர்ப்பாளர்?"
நீதிபதிக்குத் தெரியும் அந்தச் சொல்.
கெடாவில் வளர்ந்தவர், சந்தைக்குப் போகிறவர்.
தட்டச்சுக்காரிக்குத் தெரியும்.
எதிர்த்தரப்பு வக்கீல் மிஸ்டர் இயோவுக்கு
எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்;
குனிந்து பேனாவைத் தேடுவதுபோல் சிரித்தார்.
தெரியாதது பதிவேட்டுக்கு மட்டும்.

காணாமல் போனவை:
ஒரு பழைய ப்ரோட்டான் வீரா,
அதை ஓட்டிப் போன ஜெயசீலன்.
ஏகாம்பரத்தின் வாக்கியத்தில்
செயப்படுபொருள் இல்லை.
நம் மொழி அதை அனுமதிக்கும்.
யாரை, எதை என்று சொல்லாமலே
தமிழில் ஒரு வினையை முடித்துவிட்டு
வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

அனுமதி கேட்டுக் கேட்டேன்: "எதைப் பண்ணீங்க?"
கூண்டின் கட்டையில் விரலால் ஏதோ துடைத்தார்.
நகத்துக்குள் கிரீஸ் இருந்தது.
"அதாங்க... வேலைய."

செலெசாய், என்றேன் மலாயில்.
முடிந்தது, தீர்ந்தது.
அதுவும் வழுக்குகிற சொல்தான்,
ஆனால் டை கட்டியிருந்தது.
தட்டச்சு மறுபடி ஓட ஆரம்பித்தது.
நீதிபதி ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டு
பக்கத்தைத் திருப்பினார்.

சாப்பாட்டு நேரம், லிஃப்ட் வாசல்.
பிளாஸ்டிக் பையில் தே ஓ ஐஸ், சுருண்ட ஸ்ட்ரா,
பக்கத்தில் ஏகாம்பரம்.
"நான் சொன்னதச் சரியாச் சொன்னீங்களாக்கா?"
"சொன்னேன்."
"அப்ப கௌதிமா?"

லிஃப்ட் திறந்தது.
அவர் உள்ளே போய், எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார்.
மூன்று மாடிதானே என்று
படியில் இறங்கினேன்.