குண்டு விழுந்த தூரம்

திருப்பாப்புலியூர் ரயிலடியில் ஆறேகாலுக்கு
ஏழு பேர் நின்றார்கள்.
எட்டாவது ஆள் பணம் கட்டியவர், வரவில்லை.
தலைக்கு இருநூறு, மோர் உண்டு என்று
நோட்டீசில் போட்டிருந்தேன்.
கோட்டை உண்டு என்றும் போட்டிருந்தேன்.
தப்பு அங்கேதான்.

கெடிலத்துப் பாலத்தில் காற்று நன்றாக இருந்தது.
தண்ணீர் கொஞ்சம், ஆகாயத்தாமரை நிறைய.
மஞ்சக்குப்பத்தில் பழைய கலெக்டர் பங்களாவைக் காட்டி
கூரையில் கம்பியில்லை, மரமில்லை,
செங்கல்லும் சுண்ணாம்பும்தான் என்றேன்.
நெய்வேலியில் ஓய்வுபெற்ற இன்ஜினீயர் சபாநாயகம்
நம்பாமல் அண்ணாந்து பார்த்தார்
கழுத்து வலிக்கும்வரை.

தேவனாம்பட்டினம்.
வேலிக்காத்தான் முள்ளை விலக்கி
ஒரு செங்கல் மேட்டில் ஏற்றினேன்.
இதுதான் கோட்டை.

எது?

நிற்கிறீர்களே, இது.
பிரெஞ்சுக்காரன் வெடிவைத்துத் தகர்த்தான்.
மிச்சத்தைக் கடல் கொஞ்சம்,
வீடு கட்டினவர்கள் கொஞ்சம்.

இதைப் பார்க்கவா இருநூறு, என்றார் சபாநாயகம்.
நியாயம்தான். என்னிடம் இருந்தது
ஒரு கதை மட்டும்.

வெள்ளைக்காரன் இதை விலைபேசி வாங்கியபோது
சுற்றுநிலத்துக்குச் சங்கிலி பிடிக்கவில்லை.
பீரங்கியை வைத்தான், சுட்டான்.
குண்டு விழுந்த தூரம்வரை அவனுடையது.
உழுதுகொண்டிருந்தவனை யாரும் கேட்கவில்லை.
அவன் அண்ணாந்து பார்த்திருப்பான்,
பங்களாக் கூரையை இவர் பார்த்ததுபோல.

அதுவரை வாய் திறக்காத பூங்காவனம்,
ஆஸ்பத்திரி நைட் டூட்டி முடித்து
யூனிஃபார்மோடே வந்துவிட்ட நர்ஸ், சொன்னார்:
"எனக்கு குண்டு உப்பலவாடி சார்.
பாரம் எழுதுற கிளார்க்கு குண்டை விட்டுடுவான்.
நாங்க திரும்பப் போயி சண்டை போட்டுச் சேர்ப்போம்.
இல்லன்னா எங்க மாமியா பென்ஷன்
வெறும் உப்பலவாடிக்குப் போயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தோம்.

பீரங்கி எந்தப் பக்கம் பார்த்து நின்றது
என்று கேட்டார் சபாநாயகம்.
தெரியாது என்றேன்.
எல்லாப் பக்கமும் சுட்டிருக்கணும், என்றார் அவரே.
மேட்டின் நடுவில் முதுகோடு முதுகு சேர்ந்து
ஏழு பேரும் கை நீட்டினார்கள்.
ஒரு விரலுக்கு செல்போன் டவர்.
ஒரு விரலுக்குச் சவுக்குத் தோப்பு.
கல்லூரிப் பெண் ஃபர்ஹானாவின் விரலுக்குக் கடல்;
குண்டு தண்ணீரில் விழுந்தால்
அலையும் அவனுக்கா, என்று கேட்டாள்.
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பூங்காவனத்தின் விரல் மட்டும் ஆடாமல் நின்றது.
"அதோ, அந்தத் தண்ணி டேங்குக்குப் பின்னாடி.
இந்நேரம் பால் வந்திருக்கும்."

சுவர் போய்விட்டது. வெடி போய்விட்டது.
சுட்டவன் பேர் எனக்குத் தெரியாது.
விழுந்த இடம் மட்டும்
ரேஷன் கார்டில் இருக்கிறது.

சபாநாயகம் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
செங்கல் ஒன்றைக் குனிந்து எடுத்தார்,
எடை பார்த்தார், எடுத்த இடத்திலேயே வைத்தார்.
வராதவரின் மோரை
பூங்காவனம் குடித்தார், நின்றபடி, ஒரே மூச்சில்.
தூக்கம் வருகிறது என்று
ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறிக்கொண்டார்.

குண்டு போன தூரம்,
பதினைந்து ரூபாய்.