இடப்பக்கம் இன்னும் எண்பது கிலோ

கப்பலூர் எடைமேடையில்
பதினோரு வருசமாகச் சீட்டுக் கிழிக்கிறேன்.
ஜல்லி, கம்பி, வாழைத்தார், பழைய பேப்பர்,
எது ஏறினாலும்
சிவப்பு எண்கள் நடுங்கி நிற்கும்வரை
மூச்சைப் பிடித்திருப்பேன்.
குறைந்தால் சண்டை. கூடினால் சண்டை.
பாரம் என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மொக்கராசு படகை இழுத்துவந்த அன்று
மழை விட்டு நாலு நாள்.
நிலையூர்க் கண்மாய் மறுகால் போய்க்கொண்டிருந்தது.
"ஒச்சம்மா, ஒரு எடை போடு."
வண்டியைக் கழித்தால் தொள்ளாயிரத்து நாற்பது.
உதட்டைப் பிதுக்கினான்.
"ரொம்ப லேசு."
காசு கொடுத்து வாங்கியவன்
லேசு என்று குறைப்படுவதை
அன்றுதான் கேட்டேன்.

லேசான படகு தண்ணீரைக் கீறும்,
உழாது.
பின்னால் கயிறு பிடித்துப் பலகையில் நிற்கிற தவசிக்கு
முழங்கால் உயரமாவது அலை வேண்டும்.
அதன் உச்சியில் எகிறி
எதிர் அலையின் சரிவில் இறங்க வேண்டும்.
கிடைத்ததோ கணுக்கால் அளவு,
அதுவும் சோப்பு நுரை.

மணல் மூட்டை போடலாமே என்றான் ஒருவன்.
வைகை மணலை மூட்டை கட்டிக்கொண்டு
பரங்குன்றம் தாண்ட முடியுமா?
"விளையாடத்தான் சார்" என்றால்
எந்த ஏட்டு நம்புவார்?

பிறகுதான் லாரி டியூப்.
பஞ்சர்க்கடை காஜாமைதீன்
ஒட்டுப்போட்டுக் கொடுத்த ஏழு டியூப்.
பம்பு வைத்துக் கண்மாயை உள்ளே ஏற்றினோம்.
கண்மாய்த் தண்ணீரைக்
கண்மாய் மேலேயே சுமந்துபோகிற பைத்தியங்கள் என்று
கரையில் ஆடு மேய்த்தவள்
சத்தமாகவே சொன்னாள்.

ஏழும் பின்னால் கிடந்தபோது
படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது.
ஓட்டுகிறவனுக்கு எதிரே மேகம் மட்டும்.
அலை எழுந்தது, எழுந்த வேகத்தில்
மண்டை உடைந்து வெள்ளையாய்க் கொட்டியது.
தவசி மூக்கு வழியாகக் கண்மாயைக் குடித்தான்.

இரண்டை முன்னுக்கு இழுத்தோம்.
அலை நீண்டது. ஆனால் கோணல்.
ஓட்டுகிறவன் உட்காருவது வலப்பக்கம்,
அந்தப் பக்க அலை எண்ணெய் தடவிய மாதிரி.
இடப்பக்கத்து அலை
தலைவாராமல் வந்து நின்றது.

மொக்கராசு சுற்றிப் பார்த்தான்.
கரையில் நான், கையில் தூக்குவாளி.
"ஒச்சம்மா, நீ எத்தனை கிலோ?"

துணிக்கடையில், ஆஸ்பத்திரியில்,
பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்த கூடத்தில்
கேட்ட கேள்விதான்.
அங்கெல்லாம் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.
இவன் கூடுதலாக இருக்கக் கூடாதா என்கிற ஆசையில் கேட்டான்.
"எண்பத்தி மூணு."
"அப்படிப் போடு! ஏறு, ஏறு."

இடப்பக்க ஓரத்தில் உட்கார்ந்தேன்.
மிதவைச் சட்டையின் பட்டை எட்டவில்லை,
கயிறு வைத்துக் கட்டினார்கள்.
நீர்பாய்ச்சி மடையில் நின்று கூப்பாடு போட்டார்,
"கரையோரம் வராதீங்கடா,
மண்ணு ஊறிக் கிடக்கு."
நடுக்கண்மாய்க்குப் போனோம்.

திரும்பிப் பார்த்தேன்.
கலப்பை புரட்டிய கரிசல் சால் மாதிரி
இரண்டு பக்கமும் பளபளவென்று
உடையாமல் வந்துகொண்டே இருந்தது.
கூச்சத்தில் கொஞ்சம் உள்ளே நகர்ந்தேன்,
அவ்வளவுதான், இடது அலை கலைந்தது.
"அசையாதே தாயி!"
என்னை அப்படியே இருக்கச் சொல்லி
ஒருவன் கெஞ்சுகிறான்.
இருந்தேன்.

தவசி எகிறினான்.
கயிறு தொய்ந்தது.
அந்தரத்தில் நிற்கிறவனை எந்த மேடையில் ஏற்றுவது?
சிவப்பு எண்கள் நடுங்குவதுபோல ஏதோ நடுங்க
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
எதிர்ச் சரிவில் பலகை தொட்ட சத்தம்
தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி.

சாயங்காலம் டியூப்புகளின் வாயைத் திறந்தோம்.
விரல் விரலாகப் படகு மேலே வந்தது.
போகிற வழியில் திரும்பவும் மேடையில் ஏற்றினான்,
சும்மா ஒரு ஆசைக்கு.
இருபது கிலோ கூடுதல்.
மடிப்புகளில் தங்கிவிட்ட மிச்சம்.
சரக்கு என்ற கட்டத்தில் தண்ணீர் என்று எழுதி
நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.