மூன்று மாதப் பார்சல் கணக்கு

சல்தீன் மூன்று மாதக் காசு தரவில்லை.
மத்தியானப் பார்சல், ஞாயிறு தவிர்த்து
எழுபத்தெட்டு. கொப்பியில் இருக்கிறது.

கொம்பனித்தெருவில் அவர் அறைக்குப் படியேறினேன்.
கொம்பனி எப்போதோ கப்பலேறிவிட்டது,
தெரு மட்டும் சம்பளப் பாக்கி கேட்பதுபோல்
அங்கேயே நிற்கிறது.
கட்டிலுக்குக் கீழிருந்து தகரப்பெட்டியை இழுத்தார்:
பித்தளைப் பொத்தான்கள், தோல் வெடித்த இடுப்புவார்,
மூடி நசுங்கிய பட்டாளத்துச் சாப்பாட்டு டின்,
கடைசியில், சாரத் துண்டில் சுற்றிய ஒரு கத்தி.

"ரைபிள் படையில் இருந்த எங்கள் மூத்தவர்
கண்டி எல்லையில் எடுத்தது."
எடுத்தாரா பறித்தாரா, நான் கேட்கவில்லை.
கடன்காரன் சொல்லும் சரித்திரத்துக்கு
வட்டி கிடையாது.

கொம்புப் பிடி. அதில் வெள்ளிக் கொடி.
முதுகு தடித்த அலகு.
கைக்குள் வந்ததும், எதையாவது வெட்டு என்றது.
டின்னையும் சேர்த்துத் தாருங்கள் என்றேன்.

*

என் குசினியில் சோமலதா. மாத்தறைக்காரி.
சூரையைச் சதுரம் சதுரமாக வெட்டுவாள்,
ஒரு துண்டு பெருத்தால் அன்றிரவு நித்திரை இல்லை.
ஊறின கொறுக்காய்ப்புளியை மிளகோடு சேர்த்து
கரியக் கரிய அரைத்து
துண்டுக்குத் துண்டு சட்டை போட்டுவிடுவதுபோல் பூசி
வாழையிலை விரித்த சட்டியில் நெருக்கி அடுக்குவாள்.
மேலும் நெருப்பு, கீழும் நெருப்பு.
தண்ணீர் வற்றும்வரை வாய் திறக்கமாட்டாள்.

நாலைந்து நாள் கெடாது.
"படையெடுத்துப் போகிறவனுக்குக் கட்டிக் கொடுக்கலாம்" என்பேன்.
"ஓடி வாறவனுக்கும்" என்பாள்.

ஒருநாள் பெரிய சூரை. தலை பிளக்கவில்லை.
கத்தியின் முதுகில் அம்மிக்குழவியால் ஓங்கி ஒரு போடு.
தலை இரண்டாயிற்று.
அலகின் நடுவில் அரை நெல்லளவு பல் விழுந்தது.
சோமலதா மன்னிப்புக் கேட்டாள்,
கத்தியிடம்.

*

தெஹிவளையில் முப்பது பேருக்குச் சாப்பாடு.
மிச்சத்தை அங்கேயே வெட்டலாமென்று கத்தியும் பையில்.
பாலத்தடியில் மறித்தார்கள். மழை.
பெயரைப் பார்த்தான். பிறந்த இடத்தைப் பார்த்தான்.
பிறகு பையைப் பார்த்தான்.
பால் முகம், தொப்பிக்கு மட்டும் வயது கூட.

கண்டி எல்லை எந்த ஆற்றோடு ஓடியதோ, தெரியாது.
அன்று எல்லை
ஆட்டோவின் முன்சில்லுக்கு ஒரு முழம் முன்னால் கிடந்தது.

டின்னைத் திறந்தான். குனிந்தான்.
"கொரக்கா?"
தலையாட்டினேன்.
எந்த ஊர் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.
ஒரு துண்டு தின்றான். துவக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு
இன்னொரு துண்டு.
டின்னை மூடி, மூடியைத் துடைத்து, திருப்பித் தந்தான்.
கத்தியைத் தரவில்லை.

நனைந்த துண்டில் சிங்களத்தில் ஏதோ எழுதினான்.
சோமலதா வாசித்தாள்: "கத்தி ஒன்று. பழையது."
திருப்பிப் பார்த்தாள்.
"கறியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே."

*

சண்டை முடிந்து எத்தனையோ வருஷம்.
கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல், அதன் கீழ்த்தளக் கடை,
கண்ணாடிப் பெட்டிக்குள் அது படுத்திருந்தது,
தனக்கென்று ஒரு விளக்கோடு.
எல்லைப்போர்க் கத்தி. விலை டொலரில்.

கையுறை போட்ட பெடியன் பக்கத்தில் வந்தான்.
"அலகில் இருக்கிற வெட்டைப் பாருங்கோ மேடம்.
போர்த் தழும்பு. எவனுடைய வாளோ."

சூரையினுடைய தலை, தம்பி.
சொல்லவில்லை.
எடுத்துக் காட்டச் சொன்னேன்.
பிடி அலகோடு சேரும் இடத்தில் மூக்கை வைத்தேன்.
அவன் பதறினான்.
புளி அப்படியே இருந்தது.

விலை குறையுமா என்று கேட்டேன்.
தழும்பு இல்லாததென்றால் குறைக்கலாமாம்.