பதினேழு தப்படி

அரக்கோணம் லோகோ ஷெட்டுக்குப் பின்னால்
கல்லறைத் தோட்டத்தை அளக்கப் போனோம்.
நான்காவது பாதைக்கு இடம் வேண்டுமாம்.

மதிலுக்கு உள்ளே
டிரைவர் மெக்கார்ட்டி, கார்டு டிசில்வா,
மூன்று நாள் வாழ்ந்த ஒரு குழந்தை.
சலவைக்கல்லில் பேர், தேதி, வசனம்.
நாற்பத்தொன்று. எண்ணியாயிற்று.

வெளியே கருவேலங்காடு.
வரைபடத்தில் 'தரிசு'.
பழைய பேரேட்டில் மட்டும்
சாய்ந்த கையெழுத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப:
கரிக்கூலி, ஆண், ஒன்று.
கரிக்கூலி, ஆண், ஒன்று.
ஓர் ஆடி மாதத்தில் பதினோரு தடவை.
ஓரத்தில் பென்சிலால் 'பேதி'.

ஆவடியிலிருந்து முதல் வண்டியில் சலோமி வந்தார்.
அப்பாவோட அப்பா இங்கதான் சார்.
அடையாளம்?
கைகாட்டிலேர்ந்து பதினேழு தப்படி,
பொழுது சாயுற பக்கம்.

கைகாட்டியைப் பிடுங்கி இருபது வருஷம்.

'யார் தப்படிம்மா?' என்றான்
சங்கிலி பிடித்த முருகவேல்.
கிண்டலில்லை, அளவுக்காக.
'அப்பாவுது. குள்ளம்.'

ஜேசிபி அள்ளியது செம்மண்.
மறுபடி செம்மண்.
முழ ஆழத்தில்
எரிந்து இறுகிய கரிக்கட்டி ஒன்று,
ஓட்டை ஓட்டையாய், உள்ளங்கை அகலம்.
நாலடி தள்ளி இன்னொன்று.
நாலடி தள்ளி.

கல்லுக்கு வழியில்லாதவர்கள்
எஞ்சின் துப்பியதை எடுத்து வந்து
தலைமாட்டில் நட்டிருக்கிறார்கள்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
சலோமி ஒன்றை எடுத்து
முந்தானையில் துடைத்தார்.
இதுதானா என்று நான் கேட்கவில்லை.

படிவத்தில் நாற்பத்தொன்றை அடித்துவிட்டேன்.
மேலே எழுத எண் இல்லை.
மெயில் வண்டி போகிறது,
தரை நடுங்குகிறது.
முருகவேல் காலைக் குறுக்கி
ஒரு தப்படி வைத்துப் பார்க்கிறான்,
எங்கிருந்து என்று தெரியாமல்.