மூன்றாவது குவியல்

ஞாயிறு, நண்பகல். பெட்டியைக் கவிழ்த்தோம்.
பள்ளிக்கூட மேசைமேல் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்.
ஆம் இடப்பக்கம், இல்லை வலப்பக்கம்,
எதுவும் எழுதாதவை ஜன்னலோரம்.

ரகசிய வாக்கு என்கிறது சட்டம்.
ஆனால் இங்கே பதிலைக் கையால் எழுத வேண்டும்.
இருபது வருடம் தபால் பிரித்தவள் நான்.
இந்தப் பள்ளத்தாக்கின் கையெழுத்தெல்லாம் எனக்கு அத்துப்படி.

பெர்னில் மூன்று வருடம் பேசி இயற்றினார்கள்:
டீசலுக்கு இவ்வளவு, கொதிகலனுக்கு இவ்வளவு.
எங்கள் உறுப்பினர் கவுடென்ட்ஸ்
ஒரு காற்புள்ளிக்காக ராத்திரி முழுக்கச் சண்டை போட்டாராம்.
பிறகு யாரோ ரயில் நிலையங்களில் மேசை போட்டுக்
கையொப்பம் திரட்ட,
சட்டம் மலையேறி எங்களிடம் வந்தது.

இது துரியின் 'இல்லை'.
அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது.
அவன் தொழுவத்துக்கு மேலே சரிவு நகர்கிறது,
வாரம் நான்கு சென்டிமீட்டர்.
அளவுகருவி நட்ட பெண் அவன் வீட்டில்தான் காபி குடிப்பாள்.
அவனுக்குத் தெரியாதா?
தெரியும். டிராக்டர் எவ்வளவு குடிக்கும் என்பதும் தெரியும்.

இது மெஞ்ஜியாவின் 'ஆம்',
அடியில் ஒரு கோடு, பள்ளிப் பிள்ளை போல.
பனிச்சறுக்கு லிஃப்டில் டிக்கெட் கிழிப்பவள்.
போன குளிர்காலம் பதினொரு நாள்தான் கிழித்தாள்.

'ஜனங்களுக்கு என்ன தெரியும்' என்றார் வானொலியில் ஒருவர்.
'மன்றத்துக்கு என்ன தெரியும்' என்றார் மற்றவர்.
தபால் பிரித்தபடியே கேட்டேன்.
இரண்டும் சரியாகத்தான் பட்டது, அதுதான் தொல்லை.

ஆம் இருநூற்று மூன்று.
இல்லை இருநூற்று ஐந்து.
திரும்ப எண்ணினோம், அதேதான்.
ஊர் இரண்டுபட்டது.
கொண்டாட ஒரு கூத்தாடியும் வரவில்லை.
கூர்டின் மட்டும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தான்.

ஜன்னலோரம் நான்கு.
எழுத்தில்லாத தாளில்
யாரை அடையாளம் காண்பது?
ஒன்று மட்டும் தெரியும், மடிப்பை வைத்து:
மூன்றாக மடித்து நகத்தால் நீவியது,
தபால்காரி மடிப்பு.

வெள்ளி இரவு பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
இதை ஏன் என்னிடம் கேட்கிறார்கள் என்று கோபம்.
கேட்காமலே முடித்திருந்தால்
அதைவிடக் கோபம் வந்திருக்கும்.
பதினொன்றரைக்கு விளக்கை அணைத்துவிட்டேன்.

கன்டோன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
ஒரு பையன் குறித்துக்கொண்டான்.
வெற்றுச் சீட்டு முடிவில் சேராது, தெரியுமில்லையா என்றான்.
தெரியும் என்றேன்.

வெளியே துரி, டிராக்டரை நிறுத்தி,
எஞ்சினை அணைக்காமலே:
'எவ்வளவு வித்தியாசம்?'
'இரண்டு.'
சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.
விரலைக் காட்டினேன்.
அவன் என்னை விட்டு
சரிவைப் பார்த்துத் தலையாட்டினான்.