ஐந்து கிராம்

எஃகுத் தட்டில் நானூற்றெழுபது கிராம்.
வில்மர் குறித்துக்கொள்கிறான்.
ஜன்னலுக்கு அப்பால் லா ஒரோயா:
புல்லை மறந்துபோன வெளிறிய மலை,
காலடியில் உருக்காலையின் புகைக்கூண்டு.
இன்று புகையில்லை.

தமிழில் இதற்கு நஞ்சு என்று பெயர்.
எழுதும்போது அந்தச் சொல்
பேனாவைக் கொஞ்சம் பிடித்து இழுக்கிறது.

கொடியை நறுக்கினால் மூன்று வாய்கள்.
இரண்டு தமனி, தடித்து, இறுக மூடியவை.
ஒரு சிரை,
தூங்குபவன் வாய்போல் அகலத் திறந்தது.
பள்ளிப் படத்தில் சிரைக்கு நீலம் பூசுவோம்.
இங்கே சிரைதான் சிவப்பு.
நல்ல ரத்தம் உள்ளே போகும் ஒரே பாதை.

பிள்ளையின் பக்கமாகத் திருப்பினால்
கழிமுகத்து ஆறுபோல் நாளங்கள்
பிரிந்து, பிரிந்து, மயிரிழையாகி
தாயின் ரத்தத்தில் விரல் நனைத்து நிற்கின்றன.
இரண்டு ரத்தமும் கலப்பதில்லை.
கொடுக்கல் வாங்கல் மட்டும்.

காட்மியம் வந்தால் பெரும்பகுதியை
தன் சதையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.
ஈயத்திடம் அது செல்லாது.
ஈயம் கால்சியத்தின் சாயலில் வரும்,
கதவு திறக்கும்.
நேற்றைய புகையில் வந்ததுமல்ல.
ஆறு வயதில் தெருப்புழுதியில் உருண்ட நாளில்
ஃபிதென்சியாவின் எலும்புக்குள் போய்ப் படுத்தது,
பிள்ளைக்கு எலும்பு கட்ட
அவள் எலும்பு கரைந்தபோது
எழுந்து வந்தது.

ஓரத்தில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு.
அமிலம். குழாய். எண்.

வாசலில் அவள்,
நெஞ்சோடு கட்டிய கம்பளியில் பிள்ளை.
சந்தையில் உருளைக்கிழங்கு நிறுப்பவள்.
மிச்சத்தைக் கையில் வாங்கி
ஒரு கணம் நிதானித்தாள்.
"எவ்வளவு எடுத்தீர்கள்?"
"ஐந்து கிராம்."
தலையசைத்தாள். கணக்குச் சரி.

"வீட்டுக்குப் பின்னால் புதைக்கப் போகிறேன்.
போன வருடம் நகராட்சி
பழைய மண்ணைச் சுரண்டி அள்ளிப் போனது.
லாரியில் வந்த புது மண் அது.
இதைப் புதைத்தால் கெட்டுவிடுமா?"

வில்மருக்கு மைக்ரோகிராம் தெரியும்.
"கெடாது," என்றான் உடனே.
"இதில் இருப்பது அவ்வளவு கொஞ்சம்."

"அப்படியென்றால் இவனுக்கும்
ஒன்றும் ஆகாது, இல்லையா?"

தட்டில் ஈரம் மட்டும்.
தராசு இன்னும் சுழியத்துக்கு வரவில்லை.
அவன் அதைத் துடைக்கத் தொடங்கினான்,
மெதுவாக,
ஓரங்களையும்.