மொத்தம் 32

வெயிலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு
ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்து
ஒவ்வொரு படமாக முகம் குப்புறக் கவிழ்க்கிறேன்.
பள்ளத்தூரின் பழைய படங்களையெல்லாம்
மலராகப் போடப்போகிறார்களாம்.
எனக்குப் படத்துக்கு மூன்று ரூபாய்.

உறையின் மேல் ஊதா மை:
கோடைச் சேவை முகாம், மே 1971.
ஊருணித் தெரு, சாலை அமைப்பு. மொத்தம் 32.
இரண்டு தடவை எண்ணினேன்.
முப்பத்தொன்றுதான்.

முதல் படத்தில் கல்லூரிப் பையன்கள் நாற்பது பேர்
மண்வெட்டியைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்து நிற்கிறார்கள்.
நடுவில் பேராசிரியர் கூத்தபிரான், கழுத்தில் விசில்.
கடைசி வரிசையில் ஒருவன் கண்ணை மூடிவிட்டான்.
இன்னும் திறக்கவில்லை.

காற்றில்லாத கொடியேற்றம்.
கோதுமை ரவை உப்புமாவுக்கு நீளும் அலுமினியத் தட்டுகள்.
மாறுவேடப் போட்டியில் துவாலை முந்தானையோடு ஒரு ராணி.
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்
சுவரில் விழுந்த அவன் நிழலுக்கு மட்டும்
நிஜமாகவே அரசிக்களை.

பதினேழாவதில் கை நின்றது.

செம்புறாங்கல் குவியல்.
கூடை சுமக்கிற பையன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.
தலையில் சும்மாடு இல்லை,
கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கவில்லை.
கூடை காலி.
வலது ஓரத்தில், சட்டம் வெட்டிய இடத்தில்,
ஒரு முழங்கை.
சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை,
மடித்துவிட்ட கைக்குக் கீழே இரண்டு கண்ணாடி வளையல்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகின்றன.

இந்த ஊரில் வீட்டுக்கு
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு.
படங்களுக்கும் அப்படித்தான் போல.
உறைக்குள் அட்டை மடங்காமலிருக்க
யாரோ செருகிவைத்த காகிதத்தைப் பிரித்தேன்:

முகாம் மாணவர் போட்ட கல் படியாததால்
பிரித்து மறுபடி போட்ட வகையில்
பெண்ணாள் பதினொன்று, நாள் ஆறு,
நாளொன்றுக்கு ரூபாய் ஒன்றே கால்.

அடுத்த வரி, புகைப்படச் செலவு.
முப்பத்திரண்டு படம்,
படம் ஒன்றுக்கு ரூபாய் ஒன்றரை.

கீழே பெருவிரல் ரேகைகள்.
அடைக்கி, காத்தாயி, பஞ்சவர்ணம், இன்னொரு அடைக்கி.
ஆளுக்கு ஏழரை ரூபாய், ஏழரை, ஏழரை.
எட்டாவதாக ராக்கு.
அவளுக்கு மட்டும் ஆறு.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
படம் எண் 32 கேட்டு வாங்கிக்கொண்டாள்.
கிரயம் கூலியில் பிடித்தம்.

வேறெதுவும் எழுதவில்லை.
அதில் அவள்தான் இருந்தாளா,
கூட வேலை செய்த யாராவதா,
குவியல் மேல் தூங்கிப்போன பிள்ளையா,
இல்லை, பிரித்துப் போட்டு முடித்த அந்தச் சாலை மட்டுமா?
எதுவாக இருந்தாலும்
ஒரு நாளும் கொஞ்சமும் கல் சுமந்து வாங்கிய படம்.
அந்த ரேகை மற்றவர்களுடையதைவிட
அழுத்தமாக விழுந்திருப்பதாக எனக்குத் தோன்றியது.
மை அதிகமாகத் தொட்டிருக்கலாம்.

வெளியே ஜேசிபி சத்தம்.
அதே தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள்.
தாருக்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குக் கீழே
சிவப்பாக ஒரு வரி.
மேஸ்திரி ஆட்களை வரிசையாக நிறுத்திப் போனை உயர்த்துகிறார்.
படத்தில் இல்லாதவர்களுக்கு இன்று சம்பளம் இல்லை.
தண்ணீர் குடிக்கப் போன ஒருத்தி
ஓடி வந்து ஓரத்தில் நிற்கிறாள்.
"உள்ளே வாம்மா, பாதிதான் விழுகுது" என்கிறார்.
அவள் இன்னொருத்தியின் தோளை இடித்துக்கொண்டு
முழுசாக உள்ளே வருகிறாள்.

ஜன்னலை மறுபடி சாத்தினேன்.
முப்பத்தொரு படமும் ஏற்றி முடித்தபின்
ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடி மேல் கவிழ்த்து
எண் 32 என்று போட்டேன்.
குறிப்பு என்று கேட்ட கட்டத்தில்:
ராக்கு வசம் உள்ளது.

பில்லில் முப்பத்திரண்டு என்றே எழுதியிருக்கிறேன்.
கேட்டால் காகிதத்தைக் காட்டுவேன்.